அஞ்சல் கட்டணமும் வீட்டு வணிகமும்



கிள்ளான் வட்டாரத்தில் இன்று எத்தனையோ வீடுகளின் முன்னறை ஒரு சிறு கடையாக மாறியிருக்கிறது. முறுக்கு, அதிரசம், சாம்பார்ப்பொடி, தைத்த இரவிக்கை, மணிமாலை, பொட்டு எனப் பலவற்றையும் நம் பெண்கள் கைப்பேசியின் துணைகொண்டே விற்கிறார்கள். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில், பிள்ளைகளின் பள்ளி வேன் கட்டணமும் டியூஷன் பணமும் இந்த வருவாயிலிருந்துதான் வருகின்றன. என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் சிலரும் இத்தொழில் செய்பவர்களே. அவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “சார், போன மாதம் அனுப்பிய அதே பெட்டிதான்; இந்த மாதம் ஏன் கூடுதலாகக் கேட்கிறார்கள்?” இக்கேள்விக்குரிய விடையைத்தான் இன்று சற்று விரிவாகப் பார்க்கவிருக்கிறோம்.

முதலில் அஞ்சல் கட்டணம் என்பது எப்படி அமைகிறது என்று தெரிந்துகொள்வோம். 1840ஆம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்தில் கடிதத்துக்குத் தூரத்தைப் பொறுத்தே கட்டணம் வாங்கினார்கள். பெரும்பாலும் பெறுபவரே அதைச் செலுத்தினார். ரோலண்டு ஹில் என்பவர் கணக்குப் பார்த்து ஒரு வியப்பான உண்மையைக் கண்டார். கடிதத்தை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்ல ஆகும் செலவு மிகச் சொற்பம். அதை வாங்கி, பிரித்து, கணக்கெழுதி, வீடு வீடாகக் கொடுப்பதில்தான் பணம் கரைகிறது என்பதே அது. அதன் பயனாக, அரை அவுன்ஸ் கடிதத்துக்கு நாடு முழுவதும் ஒரே பென்னி என்ற முறை வந்தது. இந்தியாவிலும் 1854இல் அரையணாவுக்கு எவ்வளவு தொலைவுக்கும் கடிதம் அனுப்பும் முறை ஏற்பட்டது. நம் முன்னோர் பலர் இந்நாட்டுத் தோட்டங்களிலிருந்து ஊருக்குக் கடிதம் எழுத முடிந்ததற்கும் இத்தகைய மலிவு அஞ்சலே துணை நின்றது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. கடிதங்கள் ஏராளமாக இருந்தால்தான் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு குறையும். அஞ்சல்காரர் ஒரு தெருவுக்கு நூறு கடிதம் கொண்டுபோனாலும் பத்துக் கடிதம் கொண்டுபோனாலும் அவருடைய சம்பளமும் மோட்டார் சைக்கிள் எண்ணெயும் ஒன்றுதான். இன்று கடிதம் எழுதுவோர் குறைந்துவிட்டனர். வங்கி அறிக்கையும் மின்சாரக் கட்டணச் சீட்டும்கூடக் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. ஆனால் வீடுகளோ பெருகிக்கொண்டே போகின்றன. ஆகவே கட்டணம் ஏறுகிறது. நம் நாட்டில் 30 காசாக இருந்த சாதாரணக் கடிதக் கட்டணம், 2010ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி 60 காசாயிற்று. 2020 பிப்ரவரி 1 முதல் நிறுவனங்கள் அனுப்பும் 20 கிராம் கடிதத்துக்கு 1 வெள்ளி 30 காசு என்று உயர்த்தினார்கள். தனியார் அஞ்சல்தலை ஒட்டி அனுப்பும் கடிதத்துக்கு அப்போது பழைய கட்டணமே இருக்க விட்டார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கடிதக் கட்டணம் அரசின் ஒப்புதலோடு மாறுவது. அதற்கு முன்னறிவிப்பு உண்டு, செய்தித்தாளிலும் வரும். கூரியர் கட்டணமோ அந்தந்த நிறுவனம் தன் வாணிபக் கணக்கின்படி வைப்பது. நம் வீட்டு வணிகர்களின் பெட்டிகளில் பெரும்பாலானவை கூரியரில்தான் போகின்றன. ஆகவே ‘அஞ்சல் கட்டணம் கூடவில்லை’ என்று செய்தியில் கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது வீட்டிலிருந்து வாங்குவோர் திடீரெனப் பெருகினர். ஏற்கெனவே நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கூரியர் உரிமங்கள் இருந்தன. ஒருவரையொருவர் முந்த விலையைக் குறைத்தார்கள். நிலைமை கட்டுக்கடங்காமல் போகவே, அவ்வாண்டு செப்டம்பரில் புதிய உரிமம் வழங்குவதை அரசு நிறுத்தி வைத்தது. அந்தப் போட்டிக் காலத்தில் தொழில் தொடங்கியவர்கள், அன்றைய மலிவு விலையையே இயல்பான விலை என்று கருதித் தங்கள் பொருளுக்கு விலை வைத்தார்கள். என் கருத்தில், இன்றைய இடர்ப்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. போட்டிக்காக இறக்கிய விலை, போட்டி தளர்ந்ததும் ஏறத்தான் செய்யும்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். பெட்டியின் எடை மாறாமலே கட்டணம் மாறுவதற்குக் காரணம் பல வேளைகளில் பருமன் கணக்கு. கூரியர் லாரியில் இடம் அடைக்கும் பெட்டிக்கு, அது பஞ்சுபோல் இலேசானதாக இருந்தாலும், இடத்துக்கான கூலி கேட்கிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000ஆல் வகுப்பார்கள். சில நிறுவனங்கள் 6000ஆல் வகுக்கும். வருவது கிலோ. தராசு காட்டும் எடை, இந்தக் கணக்கு காட்டும் எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 30 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 20 உயரம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 15,000; 5000ஆல் வகுத்தால் 3 கிலோ. உள்ளே இருக்கும் முறுக்கு ஒரே கிலோவாக இருக்கலாம். இரண்டு கிலோ காற்றுக்குக் கூலி கொடுக்கிறோம்! இதே நிறுவனம் நேற்று 6000ஆல் வகுத்து இன்று 5000ஆல் வகுத்தால், விலைப்பட்டியலில் ஓர் எழுத்தும் மாறாமலே இரண்டரைக் கிலோ மூன்று கிலோவாகிவிடும். ஆறாம் ஆண்டு மாணவன் போடக்கூடிய கணக்குத்தான் இது. ஆனால் நம்மில் பலர் அளவுநாடாவைத் துணி தைக்கும்போது மட்டுமே எடுக்கிறோம்.

அதற்காகப் பெட்டியை இறுக்கமாகக் கட்டிவிட்டால் முறுக்கு நொறுங்கும். நொறுங்கிய முறுக்குக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதைவிட அரை வெள்ளிக்குக் குமிழித்தாள் சுற்றுவது மேல். பொருளுக்குத் தகுந்த அளவில் இரண்டு மூன்று வகைப் பெட்டிகளை வைத்துக்கொள்வதே நல்ல வழி. கடையில் கிடைத்த பழைய பிஸ்கட் பெட்டி இலவசம்தான். அதன் வெற்றிடம் இலவசமன்று.

கட்டணம் கூடும்போது இலாபம் என்னவாகிறது என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். ஒரு டின் முறுக்கு 18 வெள்ளிக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாவு, எண்ணெய், வெண்ணெய், எரிவாயு, டின் எல்லாம் சேர்ந்து 10 வெள்ளி. பெட்டியும் ஒட்டுநாடாவும் 1 வெள்ளி. கூரியர் 6 வெள்ளி. மிச்சம் 1 வெள்ளி. கூரியர் ஒரே வெள்ளி ஏறினால் மிச்சம் சுழி. வாங்குபவருக்கு ‘ஒரு வெள்ளிதானே’ என்று தோன்றும். விற்பவருக்கு அதுதான் முழு இலாபம். அந்த 10 வெள்ளியில் விடியற்காலை எழுந்து அச்சைப் பிழிந்த கைக்குக் கூலி சேர்க்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். நம் வீடுகளில் பெண்களின் உழைப்பு ஒருபோதும் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. அதனால்தான் நட்டத்தில் நடக்கும் தொழிலும் ஆண்டுக்கணக்கில் இலாபம்போலத் தோற்றமளிக்கிறது.

இப்போது இரண்டு டின்னை ஒரே பெட்டியில் அனுப்பினால்? வரவு 36. பொருட்செலவு 20, பெட்டி 1 வெள்ளி 50 காசு, கூரியர் 8 என்று கொண்டால், மிச்சம் 6 வெள்ளி 50 காசு. கூரியர் 9 வெள்ளி 50 காசாக ஏறினாலும் 5 வெள்ளி நிற்கும். முதல் கிலோவுக்கே கட்டணம் அதிகம். அடுத்தடுத்த கிலோவுக்குக் குறைவு என்ற அமைப்புதான் இதற்குக் காரணம். ஆகவே ‘ஒரு டின்’ என்று விற்பதை விட்டு, ‘முறுக்கு ஒன்று, ஓமப்பொடி ஒன்று’ என இணைத்து விற்பது கட்டண உயர்வைத் தாங்கும் வழிகளில் சிறந்தது என்பேன்.

சிலர் கூரியர் கட்டணத்தைப் பொருளின் விலையிலேயே கலந்து ‘அனுப்புகை இலவசம்’ என்று போடுகிறார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் பினாங்குக்கும் சரவாக்குக்கும் ஒரே கட்டணமா? சபா, சரவாக்கிற்குப் போகும் பெட்டிக்குக் கட்டணம் அதிகம். இலவசம் என்று சொல்லிவிட்டால், அங்கிருந்து வரும் ஒவ்வோர் ஆர்டரும் நட்டம். தீபகற்பத்துக்கு ஒரு விலை, கிழக்கு மலேசியாவுக்கு ஒரு விலை என்று வெளிப்படையாகப் பிரித்துப் போடுவதில் வெட்கமில்லை. அச்சிடும் விலைப்பட்டியலில் கூரியர் கட்டணத்தைச் சேர்க்காமல், தனித் தாளில் தேதியிட்டு வையுங்கள். மாறும்போது அந்த ஒரு தாளை மாற்றினால் போதும். பணம் கட்டிவிட்ட வாடிக்கையாளரிடம் ‘நேற்றுக் கட்டணம் ஏறிவிட்டது, மேலும் ஒரு வெள்ளி அனுப்புங்கள்’ என்று கேட்பது முறையன்று. அதை நாம்தான் ஏற்க வேண்டும்.

பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூரியரே வேண்டியதில்லை. தெங்கு கிளானா சாலைக்கு வாரம் ஒருமுறை கடைக்கு வருகிற வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்! பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு, கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமுட்டர் இரயிலேறி கேஎல் சென்ட்ரலில் பத்துப் பேருக்கும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு வரலாம். பொட்டு அட்டை போன்ற இலேசான பொருள்களைச் சாதாரண அஞ்சலில் அனுப்பலாமா என்பதை அஞ்சலகக் கவுண்டரில் கேட்டுத் தெளியுங்கள். அப்படிப் போகும் உறைக்குத் தடம் அறியும் எண் இருக்காது. பொருள் வரவில்லை என்று வாங்கியவர் புகார் செய்தால், இணையச் சந்தையில் உங்கள் பக்கம் காட்டச் சான்று ஒன்றும் இராது.

வெளிநாட்டுக்கு அனுப்புவோர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். ஒரு நாட்டில் வாங்கிய அஞ்சலை மற்றொரு நாடு கொண்டு கொடுப்பதற்கான உடன்பாடு, 1874இல் பெர்ன் நகரில் தோன்றிய அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தால் நடைபெறுகிறது. கொண்டு கொடுக்கும் நாட்டுக்கு அனுப்பும் நாடு ஒரு தொகை தர வேண்டும். அத்தொகை மிகக் குறைவு என்று அமெரிக்கா முரண்டு பிடித்து, 2019 செப்டம்பரில் ஜெனிவா மாநாட்டில் தானே விலை வைக்கும் உரிமையைப் பெற்றது. பின்னர் 2025 ஆகஸ்ட் 29 முதல், 800 டாலர் வரையுள்ள பொருள்களுக்கு இருந்த சுங்க விலக்கையும் எடுத்துவிட்டது. வரியை யார் வசூலிப்பது என்று தெரியாமல் 88 அஞ்சல் நிறுவனங்கள் அமெரிக்காவுக்கான சேவையை முழுமையாகவோ பகுதியாகவோ நிறுத்தின. இந்திய அஞ்சல் துறை அக்டோபர் 15இல்தான் எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றுக்கொண்டது. ஆகவே, அங்கிருக்கும் உறவினர் கேட்டார் என்று பணத்தை வாங்கிக்கொள்ளும் முன், அன்றைய நிலையை விசாரித்துக்கொள்வது அவசியம்.

நூல் விற்பவர்கள் இந்திய நிகழ்ச்சி ஒன்றையும் அறிந்திருக்கலாம். இந்தியாவில் பதிவு நூலஞ்சல் என்ற மலிவுச் சேவை 2024 டிசம்பரில் நின்றது. சிறு பதிப்பாளர்கள் திகைத்துப் போனார்கள். முறையீடுகள் எழுந்தன. 2025 மே 1இல் ‘ஞான் போஸ்ட்’ என்ற பெயரில் நூல்களுக்கான சேவை வந்தது. 300 கிராமுக்கு 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய். தனித்தனியாக இருக்கும் சிறு வணிகர்களின் குரல் கேட்காது. பத்துப் பேர் சேர்ந்தால் கேட்கும். நம் வட்டாரத்திலும் ஒரே தாமானில் இருக்கும் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து ஒரே கணக்கில் பெட்டிகளை அனுப்பினால், மாத எண்ணிக்கையைக் காட்டிக் கூரியர் நிறுவனத்திடம் குறைந்த விலை பேச இடமுண்டு. அதற்கு முதலில் எண்ணிக்கை வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, ஊர், தராசு எடை, பெட்டியின் மூன்று அளவுகள், கொடுத்த கட்டணம் ஆகியவற்றை இன்றே எழுதத் தொடங்குங்கள். தீபாவளி ஆர்டர்கள் குவியத் தொடங்கும்முன் இரண்டு மாதக் கணக்காவது கையில் இருந்தால், பேசப் போகும்போது உதவும்.