காலி இடத்துக்கும் ஓர் எண்!

"தமிழ்நாட்டின் தலைநகரம் எது?" என்று கேட்கிறது ஒரு வினாடி வினா நிரல். நீங்கள் 'சென்னை' என்று தட்டுகிறீர்கள். "தவறு!" என்கிறது கணினி. எழுத்துப்பிழை இல்லையே, பிறகு என்ன கோளாறு? கடைசியில் ஸ்பேஸ் பாரையும் ஒரு தட்டு தட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

கணினி எல்லா எழுத்துகளையும் எண்களாகத்தான் வைத்துக்கொள்ளும். 'க'வுக்கு 2965, ஆங்கிலப் பெரிய 'ஏ'வுக்கு 65. காலி இடத்துக்கும் எண் உண்டு: 32. 1963இல் அமெரிக்காவில் வெளியான 'ஆஸ்கி' பட்டியலிலேயே அதற்கு அந்த எண்தான். ஆக, வால் முளைத்த 'சென்னை' கணினிக்கு வேறொரு சொல்!

காலி இடத்துக்கு உறவினர்களும் உண்டு. டேப் விசைக்கு 9. புது வரிக்கு 10. 13 என்பது, தொலைவிலிருந்து வரும் செய்தியை அச்சடிக்கும் டெலிபிரின்டர் கருவியின் காலத்து எண். அச்சடிக்கும் பகுதியை வரியின் தொடக்கத்துக்குத் திருப்பி அனுப்பும் கட்டளை அது. விண்டோஸ் கணினிகள் வரி முடிவில் 13, 10 இரண்டையும் போடும். லினக்ஸ் 10 மட்டும் போடும். விண்டோஸில் எழுதிய கோப்பை லினக்ஸில் திறந்தால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 13 ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

இவற்றை எப்படி நீக்குவது? பைத்தான் மொழியில் 'ஸ்ட்ரிப்' என்றொரு கட்டளை இருக்கிறது. சொல்லின் முன்னும் பின்னும் உள்ள காலி இடங்களை அது வெட்டிவிடும். நடுவில் இருப்பதைத் தொடாது. நடுவில் மூன்று, நான்கு இடைவெளி விழுந்திருந்தால், 'ஸ்ப்ளிட்' கொண்டு சொற்களைத் தனித்தனியாகப் பிரித்து, இடையே ஒரே ஒரு இடைவெளி விட்டு மறுபடி சேர்க்கலாம்.

எல்லா இடைவெளியையும் ஒரேயடியாகத் துடைத்துவிட்டால் என்ன? '600 001' என்ற அஞ்சல் குறியீட்டில் துடைக்கலாம். ஒரு முழு வாக்கியத்தில் துடைத்தால் படிக்கவே முடியாது! எதை நீக்கலாம் என்று முடிவெடுக்க வேண்டியவர் நிரல் எழுதுபவர்தான்.

ஒரு கள்ளனும் இருக்கிறான்: எண் 8203. அகலமே இல்லாத இடைவெளி! திரையில் தெரியவே தெரியாது. ஸ்ட்ரிப்பும் அவனை விட்டுவிடும். எண்ணைச் சொல்லித்தான் நீக்க வேண்டும்.

2003இல் எட்வின் பிராடி, கிறிஸ் மோரிஸ் இருவரும் 'வைட்ஸ்பேஸ்' என்ற நிரல்மொழியையே உருவாக்கினார்கள். அதில் ஸ்பேஸ், டேப், புது வரி மூன்றுக்கு மட்டும்தான் மதிப்பு. மற்ற எழுத்துகளை அது கண்டுகொள்ளாது!

செய்து பாருங்கள்: பைத்தானில் இரண்டு மேற்கோள்குறிகளுக்கு நடுவே ஒன்றும் போடாமல் 'லென்' கட்டளையால் நீளத்தைக் கேளுங்கள், 0 வரும். நடுவே ஒரு ஸ்பேஸ் தட்டிவிட்டுக் கேளுங்கள். என்ன வருகிறது?