இலைச்சாறு செய்வதும் செய்யாததும்

இலைக்கஞ்சி குடிக்கும் நகரம்

கொழும்பில் விடியற்காலை நடைக்குப் போகிறவர்கள் பலர், வழியில் ஒரு கோப்பை இலைக்கஞ்சி குடித்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள். சிவப்பரிசியைக் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு, வல்லாரை, சாத்தாவாரி, முடக்கொத்தான் என்று கிடைத்த இலையின் சாற்றைக் கடைசியாகக் கலந்து இறக்குவார்கள். கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழ் வீடுகளில் வல்லாரைச் சம்பலும் பொன்னாங்காணி வறையும் சாதாரணச் சமையல். தடிமன் பிடித்தால் கற்பூரவள்ளி, இருமலென்றால் ஆடாதோடை.

இந்த இலைகளைப் பற்றி இப்போது இரண்டு செய்திகள் அடிக்கடி பரவுகின்றன. ஒன்று, இவை பக்டீரியாவைக் கொல்லும். மற்றது, ஒட்சியேற்றத்தைத் தடுக்கும். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் ஆபத்து.

தட்டில் விழும் வளையம்

ஆய்வுகூடத்தில் காய்ந்த இலையைப் பொடியாக்கி மெதனோல், எதனோல் அல்லது தண்ணீரில் ஊறவைத்துச் சாரத்தைப் பிரிக்கிறார்கள். பக்டீரியா பூசிய அகார்த் தட்டில் அந்தச் சாரம் தோய்ந்த சிறு காகித வட்டை வைத்தால், மறுநாள் அதைச் சுற்றி பக்டீரியா வளராத தெளிந்த வளையம் ஒன்று தெரியும். பொதுவாக வளையம் அகலமானால் சாரத்துக்கு வீரியம் அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். கற்பூரவள்ளியின் வாசனைக்குக் காரணமான கார்வக்ரோல், பக்டீரியாவின் உயிரணுச் சவ்வையே சிதைக்க வல்லது.

அளவில்தான் விஷயம் இருக்கிறது. ஜென்டமைசின் அன்டிபயோட்டிக் வட்டில் வைப்பது வெறும் 10 மைக்ரோகிராம். சுத்திகரிக்காத இலைச்சாரமோ பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் வைத்தால்தான் அதுபோன்ற வளையத்தைக் காட்டும். அதோடு, மெதனோல் இழுத்தெடுக்கும் பொருட்கள் எல்லாம் நம் அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் இறங்குவதில்லை. இறங்கினாலும் குடல், ஈரல் எல்லாம் கடந்து தொற்றுள்ள இடத்துக்குப் போதிய அளவில் போய்ச் சேரவேண்டும். தட்டில் கிடைத்த வெற்றி உடம்பிலும் கிடைக்கும் என்று அதனால்தான் சொல்ல முடிவதில்லை.

அதற்காக இந்த ஆராய்ச்சி வீண் என்று ஆகிவிடாது. பல நாடுகளில் இருமலுக்குக் கொடுக்கப்படும் புரோம்ஹெக்சின், ஆடாதோடை இலையிலுள்ள வாசிசினை முன்மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்டதே. நாவின்னவில் 1962இல் தொடங்கப்பட்ட பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்கள் நம் மூலிகைகளை ஆராய்வதும் இத்தகைய நம்பிக்கையில்தான்.

ஊதா மஞ்சளாகும்போது

ஒட்சியேற்ற எதிர்ப்பை அளக்க ஊதா நிறக் கரைசல் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். இலைச்சாரம் பட்டதும் அது மஞ்சளுக்கு மாறும். இலையிலுள்ள பொலிபீனோல்களின் வேலை அது. உடம்பு இவ்வளவு எளிய கரைசல் அல்ல. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து, 1994இல் முடிவு வெளியான ஆய்வில், ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருளான பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. உணவாக இலையைச் சாப்பிடுவது வேறு, அதிலிருந்து பிரித்த ஒற்றைப் பொருளை மாத்திரையாக விழுங்குவது வேறு. ஆகவே இலை சம்பலாகவும் கஞ்சியாகவும் தட்டில் இருக்கட்டும். பச்சையாகச் சாப்பிடுவதை ஓடும் தண்ணீரில் பலமுறை கழுவுங்கள். ஏனென்றால் வல்லாரை போன்றவை ஈரநிலத்தில் தரையோடு படர்பவை.

டெங்குக் காலத்துப் பப்பாசி இலை

2017இல் இலங்கையில் டெங்கு என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 1,86,000 பேருக்கு மேல். கொழும்பு மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. மழை தொடங்கினால் இன்றும் வீடுகளில் பப்பாசி இலைச்சாறு பிழிகிறார்கள். டெங்கு ஒரு வைரஸ் நோய். பக்டீரியா எதிர்ப்புக்கு அங்கே வேலையே இல்லை. இலைச்சாறு குருதிச் சிறுதட்டுக்களைக் கூட்டுவதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டியதுண்டு. ஆனால் டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இரத்தக் குழாயிலிருந்து திரவம் கசிவதுதான். அதை இலைச்சாறு நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. சாற்றை நம்பி வீட்டில் கழியும் ஒவ்வொரு மணித்தியாலமும் நோயாளிக்கு நட்டம்.

காய்ச்சல் மூன்றாம் நாளுக்குப் போனால் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு, கடும் சோர்வு கண்டால் அதுவரைகூடக் காத்திருக்கக்கூடாது. அஸ்பிரின், ஐபுபுரோபன் வேண்டவே வேண்டாம்.

வைத்தியரிடம் மறைக்காதீர்கள்

இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டினாலும் குறைத்தாலும் மருந்தின் அளவு குழம்பும். காரணம் பச்சை இலைகளிலுள்ள விற்றமின் கே. நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் செறிவான சாறோ மூலிகைக் குளிசையோ தொடங்குமுன் கேட்டுக்கொள்ளவேண்டும். அடுத்தமுறை வைத்தியர் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்கும்போது, வீட்டில் குடிக்கும் இலைச்சாற்றின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.