சூரிய ஐஸ் யந்திரமும் அண்டை வீட்டாரின் உரிமையும்

சூரியனுடைய உஷ்ணத்தைக் கொண்டே நீரை உறையவைக்கலாம் என்பது கேட்பவருக்கு முரணாகத் தோன்றினும், 1878-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஓகுஸ்தன் மூஷோ என்ற கணித ஆசிரியர், வெயிலைக் குவிக்கும் பெரியதோர் ஆடியின் துணையால் பனிக்கட்டி செய்து ஜனங்களுக்குக் காட்டிய நாளிலேயே அது பிரத்தியட்சமாக நிரூபணமாகிவிட்டது. அவர் கையாண்ட அம்மோனியா தத்துவத்தை இன்று இரும்புக் குழாய், கால்சியம் குளோரைடு உப்பு, வளைத்த தகடு ஆகியவற்றைக் கொண்டு வீட்டுக் கொல்லையிலேயே அமைத்துவிடலாம் என்ற ஆவல், மின்சாரம் எட்டாத தோப்புகளிலும், பிடித்த மீன் விற்கும்வரை கெடாதிருக்க ஐஸுக்கென்று தினந்தோறும் பணம் கொடுக்கும் கடற்கரைக் கிராமங்களிலும் எழுவது இயல்பே. அந்த ஆவலை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த யந்திரத்துக்குள் அடைபடும் வஸ்து எத்தகையது என்பதையும், அது வெளிப்பட்டால் யாருடைய உரிமை பாதிக்கப்படும் என்பதையும் அறியாமல் அதைத் தொடங்குவது பெருந்தவறு.

யந்திரத்தின் இயக்கம் அழகானதுதான். பகலில் சூடேறிய உப்பு, தான் உறிஞ்சி வைத்திருந்த அம்மோனியாவை ஆவியாக வெளிவிட, அந்த ஆவி தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்த சுருள்குழாயின் வழியே சென்று குளிர்ந்து திரவமாகிக் கீழ்க்கலத்தில் சேர்கிறது. இரவில் உப்பு ஆறியதும் அம்மோனியாவை மீண்டும் தன்பால் இழுக்க, கலத்திலுள்ள திரவம் கொதித்தெழுந்து, சுற்றியுள்ள நீரின் வெப்பத்தையெல்லாம் பறித்து அதைக் கட்டியாக்குகிறது. மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

அபாயம் அளவில் இருக்கிறது. 30 டிகிரி வெப்பமுள்ள 10 கிலோ தண்ணீரை ஐஸாக்க வேண்டுமானால் ஏறத்தாழ 4,600 கிலோஜூல் வெப்பத்தை அகற்றவேண்டும்; அதற்கு 4 கிலோவுக்குக் குறையாத அம்மோனியா தேவைப்படும். அந்த 4 கிலோவும் ஆவியாகி வெளிப்பட்டால் சுமார் 5,750 லிட்டர் வாயுவாகும். காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு அம்மோனியா இருந்தாலே உயிருக்கு உடனடி அபாயம் என்று அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கின்படி, பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள அறைகள் அறுநூற்றுக்கு மேற்பட்டவற்றின் காற்றை நஞ்சாக்க இந்த ஒரு யந்திரத்தின் சரக்கே போதுமானது. அதே சரக்கு ஒரே அறையில் அடைபட்டாலோ, காற்றில் 15 முதல் 28 சதவீதம் வரை கலந்த அம்மோனியா தீப்பற்றும் என்பதால், நச்சோடு நெருப்பும் சேர்ந்துகொள்ளும்.

அழுத்தமும் சாமானியமானதன்று. நம் கோடைக்கு அந்நியமல்லாத 40 டிகிரி வெப்பத்தில் திரவ அம்மோனியா காற்றுமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு அழுத்தத்தோடு குழாயின் சுவரை உந்துகிறது. வெயில் குவியும் பாகத்தில் இரவும் பகலும் மாறிமாறி விரிந்து சுருங்கும் வெல்டிங் இணைப்புகள், நீரழுத்தச் சோதனையும் பாதுகாப்பு வால்வும் இல்லாமல் எத்தனை பருவம் தாங்கும் என்று எந்தப் பட்டறைக்காரரும் உத்தரவாதம் அளிக்கமுடியாது. மேலும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும் தன்மையுடையது. ஆகையால் கடையில் எளிதில் கிடைக்கும் பித்தளை வால்வும் ஜி.ஐ. குழாயும் இந்த வேலைக்கு உதவா. குளிர்பெட்டியிலிருந்து கசிந்த நஞ்சால் பெர்லினில் ஒரு குடும்பமே மாண்ட செய்திதான் ஐன்ஸ்டைனையும் லியோ சிலார்டையும் அசையும் பாகமற்ற குளிர்பெட்டியொன்றைச் சிந்திக்கத் தூண்டியது என்பர். உலகம் போற்றும் விஞ்ஞானிகளே இந்தக் கசிவை அவ்வளவு பெரிதாகக் கருதியிருக்க, நாம் அதை அலட்சியம் செய்யலாகாது.

சட்டத்தின் நிலையையும் அறிதல் அவசியம். அழுத்தப்பட்ட வாயுவைச் சிலிண்டரில் நிரப்புவதற்கு 2016-ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகளின்படி உரிமம் வேண்டும். சிலிண்டரும் வால்வும் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அங்கீகாரம் பெற்றவையாக இருத்தல் வேண்டும். நச்சுப்பொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டு பிறர் உயிருக்கு அபாயம் விளைவிப்பவருக்கு பாரதீய நியாய சன்ஹிதாவின் 286-ஆவது பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. என் கொல்லை, என் யந்திரம் என்று வாதிப்பதில் பயனில்லை. வாயு வேலியோடு நிற்பதில்லை. 2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வெளிப்பட்டபோது, மூச்சுத்திணறி நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடியவர்கள் அந்தக் குழாயோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத பெரியகுப்பத்து மக்கள்.

அம்மோனியாவைக் கையாளும் ஐஸ் கம்பெனிக்கு அருகில் வசிப்பவருக்கும் அங்கே உழைப்பவருக்கும் பயன்படும் என்பதால் முதலுதவியையும் சொல்லிவிடுகிறேன். நெடி மூக்கில் ஏறினால் காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகி, பின்பு காற்றை எதிர்கொண்டு நடக்கவேண்டும். நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடவேண்டும். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிஷம் விடாமல் கழுவவேண்டும். தரையில் தேங்கிய திரவ அம்மோனியாவின்மேல் தண்ணீர் ஊற்றுவது ஆவியை இன்னும் பெருக்கிவிடும்; அதைத் தீயணைப்புத் துறையினரிடம் விட்டுவிட்டு, உடனே 112-க்கோ 108-க்கோ தகவல் தரவேண்டும்.

ஐஸும் வேண்டும், சூரியனும் வேண்டும் என்பவருக்குச் சாதுவான உபாயம் இருக்கிறது. 500 வாட் சோலார் பேனல் நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம் தரும். அது நேர்மின்சாரத்தில் ஓடும் சிறிய உறைபெட்டியொன்றில் 10 கிலோவை ஒட்டிய ஐஸுக்குப் போதும். பகலில் உறைந்த கட்டியே இரவுக்கான சேமிப்பாகிவிடுவதால் பெரிய பேட்டரிச் செலவும் குறையும். வீட்டு உபயோகப் பெட்டிகளில் உள்ள ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடியதேயாயினும், 150 கிராமுக்கு மிகாத அளவில் தொழிற்சாலையிலேயே அடைத்து மூடப்பட்டது. மின் இணைப்புள்ள வீட்டுக்கூரையில் பேனல் அமைப்போருக்கு 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் வழங்குகிறது. இணைப்பில்லாத தோப்புக்கு இந்த மானியம் பொருந்தாது.

ஐஸை விற்கத் தொடங்குபவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளவேண்டும். குடிக்கத் தகாத நீரில் செய்து, மீன் முதலியவற்றை வைக்க விற்கும் ஐஸில் நீல நிறம் சேர்க்கவேண்டும் என்ற விதி 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த நீலத்தைக் கண்டால் சர்பத்தில் போட மறுக்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

விற்பனையாளர் சொன்ன திறனில் பேனலோ பெட்டியோ இயங்காவிடில், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாவிடில் கட்டணமில்லை. குறையுள்ள பொருளால் உடலுக்கோ சொத்துக்கோ சேதம் நேர்ந்தால், தயாரித்தவரிடமும் விற்றவரிடமும் நஷ்டஈடு கோர அச்சட்டத்தில் தனி அத்தியாயமே உண்டு. ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது. ஆலைக் கசிவால் பாதிக்கப்பட்டவர்களோ ஐந்து ஆண்டுகளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் இழப்பீடு கேட்கலாம். எங்கு முறையிடினும் சாட்சியம் வேண்டும். ஆகவே மூச்சு சற்றே சீரானதும் வீடு திரும்பிவிடாமல், அன்றே அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும், தொழிற்பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்கும் வருமானம் எவ்வளவாயினும் அந்த உதவி இலவசமாகவே கிடைக்கும்.