வண்டி ஆம்ப்ளிஃபயர் ஏன் சுடுகிறது? தடுப்பது எப்படி?

கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பல்லாவரம் வட்டாரத்தில் மளிகை, காய்கறி வணிகம் செய்யும் நம்மவர்கள் பலரிடம் இன்று சொந்தமாக ஒரு சரக்கு வண்டி இருக்கிறது. இரவு 2 மணிக்குக் கோயம்பேட்டுக்குப் புறப்படுகிறவருக்குக் கண் அயராமலிருக்கப் பாட்டு வேண்டும். தெருவில் வண்டியை நிறுத்தி வெங்காயமும் தேங்காயும் விற்கிறவருக்கு விலையைச் சொல்ல ஒலிபெருக்கி வேண்டும். ஆகவே வண்டி வாங்கிய கையோடு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பொருத்திவிடுகிறோம். பொருத்தியதோடு அதை மறந்தும் விடுகிறோம்.

அப்படி மறந்தவர்களில் நானும் ஒருவன். என் கடை வண்டியில் இருந்த ஆம்ப்ளிஃபயர் கத்திரி வெயில் நாட்களில் அரை மணி நேரம் பாடும், பிறகு நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்துத் தானாகவே மறுபடி பாடும். பொருத்திக் கொடுத்தவரிடம் கேட்டேன். "வாட் பத்தலை அண்ணாச்சி, பெரிசா ஒண்ணு போட்டுடலாம்" என்றார். போட்டோம். மூன்றாவது வாரம் 200 அடிச் சாலையில் வந்துகொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. வண்டியை ஓரம் கட்டி பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். வீட்டு மின்விசிறிக்குப் போடும் அளவு மெல்லிய ஒயர் மேலுறை இளகித் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஃப்யூஸ் எதுவும் இல்லை. பின்னால் இருந்த சரக்கோ எண்ணெய் டின், தீப்பெட்டி பண்டல், கற்பூரம்! அன்று தப்பியதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. அதன் பின் கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை நம் வணிகர்களுக்குப் பயன்படும் என்று இங்கே தருகிறேன்.

வரவு, செலவு, சேதாரம்

ஆம்ப்ளிஃபயரும் ஒரு கடை மாதிரிதான். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் வரவு. ஸ்பீக்கருக்குப் போவது செலவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சேதாரம். அந்தச் சேதாரம்தான் சூடு.

"கிளாஸ் ஏபி" எனப்படும் வழக்கமான ஆம்ப்ளிஃபயரில் 100 வாட் மின்சாரம் உள்ளே போனால், முழுச் சத்தத்தில்கூட 50 முதல் 60 வாட் வரைதான் ஸ்பீக்கருக்குப் போகும். மீதி சூடாகிவிடும். "கிளாஸ் டி" என்னும் வகையில் 80 முதல் 90 வாட் வரை ஸ்பீக்கருக்குப் போய்விடும், சூடு குறைவு. புதிதாக வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுக்கும் ஏபி வகை ஆம்ப்ளிஃபயர் முழுச் சத்தத்தில் 80 வாட்டுக்கும் மேல் சூட்டைக் கக்கும். ரேடியோ பழுது பார்ப்பவர் கையிலுள்ள சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். அதுபோல் மூன்று நான்கைப் பற்ற வைத்து சீட்டுக்கு அடியில் செருகி வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆம்ப்ளிஃபயர் பாடிக்கொண்டே இருந்து நிற்பதும், ஆறிய பின் மறுபடி பாடுவதும் அதற்குள் இருக்கும் பாதுகாப்பு ஏற்பாடு. ஏறத்தாழ 80 டிகிரி சூடு ஏறியதும் அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். இது பழுது அல்ல, எச்சரிக்கை. காரணத்தைத் தேடாமல் பெரிய ஆம்ப்ளிஃபயர் மாட்டுவது, ஒழுகும் டின்னை விட்டுவிட்டுப் பெரிய டின் வாங்கி வைப்பது போன்றதுதான்.

நிகர எடையைப் பாருங்கள்

அட்டைப் பெட்டியின் மேல் "1500 வாட்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது பெரும்பாலும் "பிஎம்பிஓ" கணக்கு. கண்ணிமைக்கும் நேரத்துக்கு வரக்கூடிய உச்சத்தை வைத்து, விளம்பரத்துக்காகச் சொல்லும் எண் அது. தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவை "ஆர்எம்எஸ்" என்பார்கள். டின்னோடு சேர்த்த எடைக்கும் நிகர எடைக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா? ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பாருங்கள்.

அதையும் சரிபார்க்க வழி உண்டு. ஆம்ப்ளிஃபயரின் பக்கத்தில் உள்ள ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 25 ஆம்பியர் என்றால், எஞ்சின் ஓடும்போது உள்ள சுமார் 14 வோல்ட்டால் பெருக்க 350 வாட் வருகிறது. தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே அவ்வளவுதான். அதில் பாதிக்குச் சற்று மேல்தான் ஸ்பீக்கருக்கு வரும். 350 வாட் வாங்கி 1500 வாட் கொடுக்கும் பொருள் உலகில் இல்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வாட் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாவதில்லை. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ 10 மடங்கு வாட் வேண்டும். ஆனால் ஸ்பீக்கரின் "சென்சிட்டிவிட்டி" 87 டெசிபலுக்குப் பதில் 90 டெசிபலாக இருந்தால், அதே ஆம்ப்ளிஃபயரை இரட்டிப்பாக்கிய பலன் கிடைத்துவிடும். ஆகவே ஆம்ப்ளிஃபயரில் போடும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல ஸ்பீக்கரில் போடுவதே லாபம்.

ஒயர், ஃப்யூஸ், எர்த்

பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு 5 மீட்டர் ஒயர், 20 ஆம்பியர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரானால் வழியிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 20 வாட்டுக்கு மேல் ஒயரே சுடும். 6 சதுர மில்லிமீட்டர் ஒயரானால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும். சூடு 6 வாட்டைத் தாண்டாது. என் வண்டியில் மேலுறை இளகியதன் மர்மம் இதுதான். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரும் கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கிறது. அதே கனத்தில் அது செம்பைவிடக் குறைவாகத்தான் மின்சாரம் தாங்கும். சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.

ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காக்க என்று பலர் நினைக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ஃப்யூஸ் வேறு. பேட்டரி அருகில் போடும் ஃப்யூஸ் ஒயரைக் காக்க. அதை பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் போட வேண்டும். அப்போதுதான் ஒயர் எங்கேயாவது உரசித் தகரத்தில் பட்டாலும் தீப்பிடிக்கும் முன் ஃப்யூஸ் போய்விடும். போன ஃப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பியையோ சிகரெட் தாளையோ சுற்றுவது, கடைக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

எர்த் ஒயர் குட்டையாகவும் பாசிட்டிவ் ஒயர் அளவு தடிப்பாகவும் இருக்க வேண்டும். பெயின்டைச் சுரண்டிப் பளபளவென்று இரும்பு தெரிந்த இடத்தில் லக் வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள். எஞ்சின் வேகம் கூடும்போது ஸ்பீக்கரில் "ங்ங்" என்று ஊளை கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பாட்டு வரும் ஒயரை வண்டியின் ஒரு பக்கமாகவும், மின்சார ஒயரை மறு பக்கமாகவும் கொண்டுபோவதும் நல்லது.

ஓம் கணக்கு தவறினால்

ஒவ்வொரு ஸ்பீக்கரின் பின்னாலும் 4 ஓம் அல்லது 8 ஓம் என்று போட்டிருக்கும். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பாகக் கொடுத்தால் 2 ஓம் ஆகிவிடும். ஒன்றன் பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் கொடுத்தால் 8 ஓம். ஓம் பாதியானால் ஆம்ப்ளிஃபயர் கொடுக்க வேண்டிய ஓட்டம் இரட்டிப்பாகும். சூடும் அதற்கேற்ப ஏறும். "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று எழுதியிருக்கும் ஆம்ப்ளிஃபயரில் "இன்னும் ஒரு ஸ்பீக்கர்தானே" என்று சேர்த்துக் கட்டுவதால்தான் பல ஆம்ப்ளிஃபயர்கள் எரிகின்றன. 50 கிலோ தூக்குபவர் தலையில் 100 கிலோ மூட்டையை ஏற்றினால் முதுகு என்ன ஆகும்?

கெயின் என்பது வால்யூம் அல்ல

ஆம்ப்ளிஃபயரில் உள்ள "கெயின்" திருகைக் கடைசிவரை திருப்பி வைத்தால்தான் முழுச் சத்தம் வரும் என்பது தவறான எண்ணம். பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் சமிக்ஞையின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்திக்கொள்ளத்தான் அந்தத் திருகு. அளவுக்கு மேல் திருப்பினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுப் போகும். குரல் கரகரக்கும், ஆம்ப்ளிஃபயர் கொதிக்கும், கூர்மையான ஓசை தரும் சிறிய ட்வீட்டர் முதலில் எரிந்துபோகும்.

சரியாக வைக்கும் முறை இது:

1. எஞ்சினை ஓட விடுங்கள். பாஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வையுங்கள். "பாஸ் பூஸ்ட்", "லவுட்னெஸ்" இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

2. கெயினை இடது கோடிக்குக் கொண்டுவாருங்கள்.

3. பாட்டுப் பெட்டியின் வால்யூமை முக்கால் அளவுக்கு வையுங்கள். நன்கு பழகிய, குரல் தெளிவாக உள்ள ஒரு பாட்டைப் போடுங்கள்.

4. கெயினை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். குரல் கரகரக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, சிறிது பின்னால் கொண்டுவாருங்கள்.

5. அந்த இடத்தில் பெயின்டால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு யாரும் அதைத் தொடக் கூடாது. வால்யூமும் முக்காலைத் தாண்டக் கூடாது.

கையில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகச் செய்யலாம். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, பாட்டுக்குப் பதில் ஒரே சீரான சோதனை ஓசையை ஓட விட்டு, ஏசி வோல்ட்டை அளந்துகொண்டே கெயினைக் கூட்டுங்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் வேண்டுமானால் 14 வோல்ட், 100 வாட் வேண்டுமானால் 20 வோல்ட் வந்ததும் நிறுத்திவிடலாம். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் இந்த எண் வரும்.

பாஸ் பூஸ்ட்டை 6 டெசிபல் கூட்டினால் அந்தத் தாழ்ந்த ஓசைக்கு மட்டும் 4 மடங்கு வாட் வேண்டியிருக்கும். கதவில் உள்ள சிறிய ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஓசை போகாதபடி ஃபில்டரை வைத்துவிட்டால் அவை நீண்ட நாள் உழைக்கும். விலை சொல்லி விற்பதற்காக மட்டும் ஒலிபெருக்கி வைத்திருப்பவர்கள் பாஸை நன்றாகக் குறைத்துவிடலாம். பேச்சின் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. பாஸைக் குறைத்தால் குரல் தெளிவாகும், ஆம்ப்ளிஃபயரும் குளிர்ந்திருக்கும்.

காற்று போக வழி விடுங்கள்

2003 மே மாத இறுதியில் சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் அதைவிட மிக அதிகம் ஏறும். ஆம்ப்ளிஃபயர் வேலை தொடங்கும்போதே சுட்டுக்கொண்டிருக்கும் நிலை அது.

ஆம்ப்ளிஃபயரின் மேல் விலா எலும்பு போல உள்ள அலுமினிய வரிகள் அழகுக்கு அல்ல. சூட்டைக் காற்றில் விடுவதற்கு. சூடான காற்று மேலே போகும் தன்மையுடையது. ஆகவே வரிகள் மேலும் கீழுமாக நிற்கும்படி செங்குத்தாக மாட்டுவது நல்லது. சுற்றிலும் இரண்டு மூன்று அங்குல இடைவெளி வேண்டும். கூரையில் தலைகீழாக மாட்டக் கூடாது. சப்வூஃபர் பெட்டியின் மேலேயே திருகினால் அதிர்ச்சியில் பற்றவைப்புகள் விட்டுப்போகும். சாக்கு, அட்டை, துணி எதுவும் அதன்மேல் கிடக்கக் கூடாது. மைதா, மிளகாய்த்தூள் ஏற்றும் வண்டியில் வரிகளுக்கிடையே தூசு அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு முறை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். கம்ப்யூட்டரில் போடும் 12 வோல்ட் சிறிய விசிறி ஒன்றை வைத்தாலும் பெரும் பலன் தெரியும். சுட்டுவிட்டது என்று ஈரத்துணி போடுவது மட்டும் வேண்டாம்.

எஞ்சினை நிறுத்திவிட்டுத் தெருவில் விற்கிறவர்கள் பேட்டரியையும் கவனிக்க வேண்டும். நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். வோல்ட் குறையக் குறையச் சத்தம் சீக்கிரமே கரகரக்கும். அப்போது வால்யூமைக் கூட்டுவதுதான் நாம் செய்யும் தவறு. எஞ்சினை ஓட விட வேண்டும். அல்லது சத்தத்தைக் குறைக்க வேண்டும்.

சட்டமும் காப்பீடும்

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் பயன்படுத்தக் கூடாது. பகலில் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல், வணிகப் பகுதிக்கு 65 டெசிபல் வரையறை. அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றச் சுற்றுப்புறங்களில் ஒலிபெருக்கியை எடுக்கவே கூடாது. வாடிக்கையாளர் வீட்டில் குழந்தை தூங்கும் நேரத்தில் கத்தி விற்பது வியாபாரத்துக்கும் நல்லதல்ல.

நாம் பின்னால் பொருத்திய ஆடியோ சாதனங்கள் வண்டிக் காப்பீட்டில் தானாகச் சேர்வதில்லை. மதிப்பைச் சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். மின்பழுதால் சாதனம் கெட்டால் சாதாரண பாலிசி தராது. வண்டியில் உள்ள சரக்குக்கும் அந்தப் பாலிசி பொறுப்பல்ல. ஆகவே ஒயரில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்கு ஈடாகப் போவது நம் முதல்தான்.

கருகல் வாடை வந்தால் பாட்டை நிறுத்தினால் போதாது. வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கடை சாத்திய பின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மிதியடியைத் தூக்கி ஒயரைப் பாருங்கள். பேட்டரி அருகில் ஃப்யூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் பாட விட்டு ஆம்ப்ளிஃபயர் மேல் உள்ளங்கையை வையுங்கள். ஐந்து விநாடிகூட வைக்க முடியவில்லை என்றால், மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று உங்கள் வண்டியில் சரியில்லை. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு திங்கட்கிழமை சரக்கு ஏற்றுங்கள்.