சேஸிஸ் இலக்கத்தைப் பார்த்தீர்களா? பாவித்த கார் வாங்கும் வியாபாரிகளின் கவனத்திற்கு

பாவித்த கார் ஒன்றை வாங்கப் போகும்போது நம்மவர்கள் பார்ப்பவை எவை? வர்ணம் அசலா, மீற்றரில் எத்தனை கிலோமீற்றர், டயர் எப்படி, ஏசி குளிர்கிறதா, ஒரு லீற்றருக்கு எவ்வளவு தூரம் ஓடும். இவைதாம். கியர் பெட்டி எந்த வகை என்று கேட்பவர் குறைவு. தயாரித்த கம்பனியே பிழையை ஒப்புக்கொண்டு திருத்துவதற்காகத் திருப்பி அழைத்த வண்டியா இது என்று கேட்பவர் அதனிலும் குறைவு. ஆனால் உயிருக்கும் முதலுக்கும் ஆபத்தாக முடியக்கூடியவை இந்த இரண்டு கேள்விகள்தாம்.

பண்டத்தரிப்பில் கடை வைத்திருக்கும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். காலையில் சுன்னாகம் சந்தைக்குப் போகிறார். பின்னேரம் சண்டிலிப்பாய், மானிப்பாய் ஊடாக யாழ்ப்பாண நகருக்கு. மாதத்தில் ஓரிரு தடவை ஏ9 வீதியால் கொழும்புக்கு. அவருக்குக் கார் குடும்ப வாகனம் மட்டுமல்ல, தொழிலின் ஒரு கருவியும்கூட. லீசிங்கில் எடுத்த வண்டியென்றால், அது கராஜில் நின்றாலும் மாதத் தவணை நிற்காது. இவை பணக் கதை. ஏ9 வீதியில் லொறியொன்றை முந்தும் வேளையில், எதிரே பஸ் வரும்போது கியர் விடுபட்டு வண்டி இழுவையை இழந்தால்? காங்கேசன்துறைப் பாதையின் ரயில் கடவையில் ஏறியதும் வண்டி முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் நின்றால்? இவை உயிர்க் கதை.

காதால் கண்டுபிடித்த காலம் போய்விட்டது

யாழ்ப்பாணத்தாருக்கு வாகனம் புதிதல்ல. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை அரை நூற்றாண்டு ஓட்டியவர்கள் அவர்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சிறிது பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விட்ட கார்களை இங்குள்ள நடுத்தர வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கார்களின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே மெக்கானிக் பிழையைச் சொல்லிவிடுவார். "பாஸ் கை வைத்தால் சரிவரும்" என்ற நம்பிக்கை அப்படி வந்ததுதான்.

இன்றைய ஹைபிரிட் கார் வேறு ரகம். அதன் எஞ்சின், மோட்டார், கியர் பெட்டி மூன்றையும் ஒரு கணினி இயக்குகிறது. அந்தக் கணினிக்கு எழுதப்பட்ட கட்டளையிலேயே பிழை இருந்தால், நட்டை இறுக்கினாலும் எண்ணெயை மாற்றினாலும் அது தீராது. தொழிற்சாலையில் பிறந்த பிழையைத் தொழிற்சாலை அனுப்பும் திருத்தத்தால்தான் நீக்க முடியும்.

ஓட்டோ கியரில் மூன்று வகை

"ஓட்டோ" என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் மூன்று வகைப்படும். முதலாவது பழைய முறை. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையில் எண்ணெயின் சுழற்சியே விசையைக் கடத்தும். இரண்டாவது சிவிடி. இரண்டு கப்பிகளுக்கு நடுவே உலோகப் பட்டி ஓடும். மூன்றாவது டிசிடி எனப்படும் இரட்டைக் கிளச். இதில் ஒரு கிளச் 1, 3, 5, 7 ஆம் கியர்களுக்கும் மற்றது 2, 4, 6 ஆம் கியர்களுக்கும் பொறுப்பு. உண்மையில் இது மனுவல் கியர் பெட்டியைப் போன்றதே. கிளச்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் காலும் கையும் அல்ல, கணினி.

ஹொண்டா கம்பனி 2013 செப்டெம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட ஃபிட் ஹைபிரிட்டிலும், அதே வருடம் டிசெம்பரில் வந்த வெஸல் ஹைபிரிட்டிலும் இந்த மூன்றாவது வகையே பொருத்தப்பட்டது. 7 கியர், உலர் கிளச், உள்ளே ஒரு மோட்டார். எரிபொருள் சிக்கனத்தில் இது பேர்பெற்றது. ஆனால் உலர் கிளச்சுக்கு ஒரு பலவீனம் உண்டு. வண்டி ஊர்ந்து போகும்போது கிளச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கினால் சூடேறும். சூட்டைத் தணிக்க எண்ணெய்க் குளியல் இல்லை. ஹைபிரிட் பற்றரி பழுதாகிப் பலமிழந்தால் மோட்டாரின் உதவி குறைந்து, கிளச்சின் சுமை மேலும் கூடும்.

கொழும்பு நெரிசலில் அரை மணி நேரம் ஊர்வதும், ஊர் ஒழுங்கையில் உழவு இயந்திரத்தின் பின்னால் ஊர்வதும் இந்தக் கிளச்சுக்கு ஒன்றுதான்.

ஜப்பானில் நடந்தது என்ன?

ஃபிட் ஹைபிரிட் சந்தைக்கு வந்து சுமார் ஒரு வருடத்துக்குள் ஐந்து தடவைகள் திருப்பி அழைக்கப்பட்டது. 2014 பெப்ரவரியில் கியர் பெட்டியை இயக்கும் மென்பொருளில் பிழை என்று ஃபிட், வெஸல் ஹைபிரிட் கார்கள் சுமார் 81 ஆயிரம் அழைக்கப்பட்டன. அதே வருடம் ஜூலையில், மென்பொருள் பிழையால் வண்டி எதிர்பாராமல் வேகமெடுக்கக்கூடும் என்று சுமார் 1 இலட்சத்து 75 ஆயிரம் கார்கள் அழைக்கப்பட்டன. ஒக்டோபரில் இன்னொரு பெரிய அழைப்பு. அந்த ஒக்டோபரில் ஹொண்டாவின் தலைவர் தக்கனோபு இத்தோ மூன்று மாதங்களுக்குத் தன் சம்பளத்தில் 20 வீதத்தை விட்டுக்கொடுத்தார். தவறு சிறியதல்ல என்பதைக் கம்பனியே இவ்வாறு காட்டிக்கொண்டது.

பின்னர் 2020 இல் வந்த புதிய ஃபிட்டிலும் 2021 இல் வந்த புதிய வெஸலிலும் இந்த இரட்டைக் கிளச் முறையைக் கம்பனி கைவிட்டு, வேறு ஹைபிரிட் முறைக்கு மாறிவிட்டது. ஆகவே "வெஸல்" என்ற பெயர் ஒன்றானாலும் பழையதும் புதியதும் உள்ளே வேறு வேறு.

இது ஒரு கம்பனியின் கதை மாத்திரமல்ல. 2014 பெப்ரவரியில் டொயோட்டாவும் உலகெங்கும் சுமார் 19 இலட்சம் பிரியஸ் கார்களைத் திருப்பி அழைத்தது. ஹைபிரிட் பகுதியின் மென்பொருள் காரணமாகச் சில மின்னணு உறுப்புகள் அளவுக்கு மீறிச் சூடாகி, ஓட்டத்திலேயே வண்டி விசையிழந்து நிற்கக்கூடும் என்பது காரணம். இலங்கையில் விரும்பி வாங்கப்பட்ட மூன்றாம் தலைமுறை பிரியஸ்தான் அது.

அறிவித்தல் நமக்கு வராதது ஏன்?

ஜப்பானில் ஒரு கார் திருப்பி அழைக்கப்பட்டால், பதிவிலுள்ள உரிமையாளருக்குக் கடிதம் போகும். அவர் வண்டியைக் கொண்டுபோவார், இலவசமாகத் திருத்திக் கொடுப்பார்கள். அந்த உரிமையாளர் காரை ஏலத்தில் விற்று, அது கப்பலேறி அம்பாந்தோட்டைக்கோ கொழும்புக்கோ வந்துவிட்டால், கடிதம் எழுத அங்கே ஆளில்லை. திருத்திய பின் விற்றாரா, திருத்தாமலே விற்றாரா என்பதும் இங்கே வாங்குபவருக்குத் தெரியாது.

ஏலத் தாளில் நாலரை, நாலு என்று தரம் போட்டிருப்பதைக் காட்டி நம்மவர்கள் திருப்திப்படுகிறார்கள். அந்தத் தரம் வண்டியின் உடல், உட்புறம், அடிபட்ட அடையாளம் ஆகியவற்றைப் பற்றியது. வடிவமைப்பில் உள்ள பிழையை அது சொல்வதில்லை.

இன்னொன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களும் இங்கிருந்த கார்களே கைமாறி ஓடின. மூன்றாவது, நான்காவது கையில் இருக்கும் ஒரு 2014 ஆம் வருடக் காரின் சரித்திரத்தை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

"நீங்கள் ஓட்டும் விதம்தான் பிழை"

கியர் உதறுகிறது என்று போனால் பல இடங்களில் கிடைக்கும் பதில் இதுதான். இதற்கு ஒரு நீதிமன்ற வரலாறு உண்டு. அவுஸ்திரேலியாவில் ஃபோர்ட் கம்பனியின் ஃபியெஸ்டா, ஃபோக்கஸ், எக்கோஸ்போர்ட் கார்களில் இருந்த இரட்டைக் கிளச் கியர் பெட்டி உதறுகிறது, தயங்குகிறது என்று ஆயிரக்கணக்கானோர் முறையிட்டனர். ஓட்டும் முறையே காரணம் என்று அவர்களில் பலரிடம் சொல்லப்பட்டது. கியர் பெட்டியில் பிரச்சினை இருப்பது கம்பனிக்குத் தெரிந்திருந்தும் அப்படிச் சொல்லப்பட்டது என்பதே அங்குள்ள நுகர்வோர் ஆணைக்குழுவின் குற்றச்சாட்டு. 2018 ஏப்ரலில் அவுஸ்திரேலிய சமஷ்டி நீதிமன்றம் முறைப்பாடுகளை நியாயமற்ற விதத்தில் கையாண்டதற்காக அக்கம்பனிக்கு 1 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது.

முறையிட்டவர்கள் தத்தமது கராஜ் பில்லையும் கடிதங்களையும் வைத்திருந்தார்கள். நம்மவர்கள் வாயால் சண்டை பிடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

வாங்குவதற்கு முன்

முதலில் பதிவுச் சான்றிதழிலும் வண்டியிலும் உள்ள சேஸிஸ் இலக்கத்தை ஒப்பிடுங்கள். ஜப்பான் உள்நாட்டுக் கார்களில் அந்த இலக்கத்தின் முன்பகுதியே வண்டியின் வகையைச் சொல்லிவிடும். ஜிபி5 என்றால் இரட்டைக் கிளச் ஃபிட் ஹைபிரிட். ஆர்யூ3 என்றால் இரட்டைக் கிளச் வெஸல் ஹைபிரிட். ஆர்யூ1 என்றால் சிவிடி பூட்டிய பெற்றோல் வெஸல். இதை அறிய மெக்கானிக்கும் வேண்டியதில்லை.

அடுத்து, அந்த இலக்கத்தைக் கம்பனியின் ஜப்பானிய இணையத்தளத்தில் கொடுத்தால் அந்த வண்டி எந்தத் திருப்பி அழைப்பில் சேர்ந்தது, திருத்தம் செய்யப்பட்டதா என்று பார்க்கலாம். வீட்டிலுள்ள பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே மொழிபெயர்த்துத் தருவார்கள். எயார் பேக் பிரச்சினையும் இதே தேடலில் தெரியவரும். தக்காத்தா கம்பனியின் எயார் பேக்குகளில் இருந்த இரசாயனம் வெப்பமும் ஈரலிப்பும் உள்ள நாடுகளில் விரைவில் கெட்டு, விபத்தின்போது உலோகத் துண்டுகளாக வெடித்தது. நம் நாடும் அத்தகைய காலநிலை கொண்டதே.

மூன்றாவது, ஓட்டிப் பார்க்கும்போது ஐந்து நிமிடத்தில் முடித்துவிடாதீர்கள். அரை மணி நேரமாவது ஓட்டி, வண்டி நன்றாகச் சூடான பின்னர் மெதுவாக ஊர விட்டுப் பாருங்கள். புறப்படும்போது உதறல், முன்னும் பின்னும் கியர் போடும்போது தாமதம், தட்டும் சத்தம் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பிறகு ஸ்கேனர் போட்டுப் பதிவாகியிருக்கும் பிழைகளையும் ஹைபிரிட் பற்றரியின் நிலையையும் எழுத்தில் வாங்குங்கள். பிழைகள் அன்று காலையில்தான் அழிக்கப்பட்டிருந்தால் அதுவே ஒரு தகவல்.

ஏற்கனவே வைத்திருப்பவர்களுக்கு

இந்த வகைக் கார் எல்லாமே ஆபத்தானது என்பதல்ல. திருத்தம் செய்யப்பட்டு, முறையாகப் பராமரிக்கப்பட்டு, ஒழுங்காக ஓடும் வண்டிகள் நிறைய உண்டு. ஆனால் சில பழக்கங்கள் வேண்டும். சந்தியில் நிற்கும்போது அக்ஸிலேட்டரால் வண்டியைப் பிடித்து வைக்காமல் பிரேக்கை மிதியுங்கள். அங்குலம் அங்குலமாக ஊராமல், முன்னால் இடம் விழுந்த பிறகு ஒரேயடியாக நகருங்கள். மீற்றர்ப் பலகையில் ஜப்பானிய எழுத்தில் எச்சரிக்கை வந்தால் "வாசிக்கத் தெரியாது" என்று விட்டுவிடாதீர்கள். படம் எடுத்து அர்த்தத்தை அறியுங்கள். கியர் பெட்டி சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கையும் அப்படித்தான் வரும். அப்போது ஓரமாக நிறுத்தி ஆற விடுவதே வழி.

எண்ணெய் விடயத்திலும் கவனம் தேவை. சிவிடிக்குரிய எண்ணெயை இரட்டைக் கிளச் பெட்டிக்கு ஊற்றக்கூடாது. பஞ்சிகாவத்தையில் பாவித்த கியர் பெட்டி வாங்கிப் பூட்டுவதாயின், அது அதே மொடலுக்குரியதா என்பதையும், பூட்டிய பின் கணினியோடு பொருத்திக் கொடுப்பது யார் என்பதையும் முதலிலேயே பேசி முடியுங்கள். இல்லாவிட்டால் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் காட்டும். காப்புறுதியையும் நம்பியிருக்க முடியாது. முழுக் காப்புறுதி விபத்துக்குத்தான், இயந்திரக் கோளாறுக்கு அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வியாபாரி கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி அதிகார சபையிடம் முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று விற்பவர் இழுத்தடிப்பதன் கருத்து இப்போது புரியும். 1896 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கும் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்குபவருக்கு ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு தொழிலாக விற்பவரிடம் வாங்கும்போதுதான் பலமானது. தனியாளிடம் வாங்கினால் எழுத்து உடன்படிக்கையே துணை.

ஆகவே விற்பனைப் பத்திரத்தில் இரண்டு வரி சேருங்கள். சேஸிஸ் இலக்கத்துக்குரிய திருப்பி அழைப்புத் திருத்தங்கள் முடிந்தன என்பது ஒன்று. கியர் பெட்டிக்கு இத்தனை மாத உத்தரவாதம் என்பது மற்றது. கையொப்பமிட மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்று யோசியுங்கள்.

நாளை நாமே அந்தக் காரை விற்கப் போகிறவர்கள். கியர் உதறுவது தெரிந்தும் காலையில் குளிர்ந்திருக்கும் வேளையில் மாத்திரம் ஓட்டிக்காட்டி விற்பவர், வாங்குபவரின் பணத்தை மட்டுமல்ல, அவர் பிள்ளைகளின் உயிரையும் பணயம் வைக்கிறார். குறையை மறைத்து விற்ற பணத்தில் பரக்கத் இல்லை என்பது நம் வியாபாரிகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதல்ல. குறையைச் சொல்லி, அதற்குரிய தொகையைக் குறைத்து விற்றால் போகப்போவது சில இலட்சம். அதைவிடப் பெரிய முதல், பண்டத்தரிப்புப் போன்ற ஒரு சிற்றூரில் ஒரு வியாபாரியின் பெயர்.