உயிலுக்கு நீதிமன்றச் சான்று இனி கட்டாயமில்லை: எல்லைத் தமிழர் வீடுகளுக்கு என்ன பயன்?

புது தில்லி: வீடு இருப்பது பாலக்காடு கல்பாத்தி அக்ரஹாரத்தில், உரிமையாளர் வாழ்ந்து மறைந்ததோ சென்னை மயிலாப்பூரிலோ மும்பை மாதுங்காவிலோ. அங்கே அவர் எழுதிவைத்த உயிலைக் கொண்டு கல்பாத்தி வீட்டுக்கு நீதிமன்றத்தில் உரிமை நாட்ட வேண்டுமெனில், அந்த உயில் மெய்யானதே என்று 'புரொபேட்' எனப்படும் நீதிமன்றச் சான்றை முதலில் பெற்றாக வேண்டும் என்பதே நூறாண்டுச் சட்டமாக இருந்தது. அந்த நிபந்தனையை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நீக்கிவிட்டது.

வழக்கொழிந்த 71 சட்டங்களை நீக்கவும், நான்கு சட்டங்களைத் திருத்தவும் கொண்டுவரப்பட்ட மசோதாவின் மூலம், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆவது பிரிவு கைவிடப்பட்டது.

இந்துக்களைப் பொருத்தவரை இந்தப் பிரிவு நாடு முழுவதற்கும் உரியதாக இருக்கவில்லை. சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் அசல் உரிமையியல் அதிகார எல்லைக்குள்ளும், பழைய வங்க ஆளுகைப் பகுதியிலும் எழுதப்பட்ட உயில்களையே அது கட்டுப்படுத்தியது. வேறெங்கு எழுதினாலும், அவ்வெல்லைக்குள் உள்ள வீடு, மனை குறித்த உயில் என்றால் அதற்கும் சான்று தேவைப்பட்டது. கல்பாத்தியிலிருந்தே கல்பாத்தி வீட்டுக்கு உயில் எழுதியவருக்குத் தொல்லை இல்லை. பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்ததே எனலாம். ஆனால் அசல் அதிகார எல்லை சென்னை நகரத்தோடு முடிந்துவிட்டது. ஆக, ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்களே சிக்கிக்கொண்டனர்.

கிறிஸ்தவர்களுக்கு இந்த விலக்கு முன்னரே கிடைத்துவிட்டது. கேரளம் 1997-இல் மாநிலத் திருத்தம் செய்தது. நாடாளுமன்றம் 2002-இல் அதை நாடெங்கும் விரிவாக்கியது. முஸ்லிம்களுக்கு இந்த நிபந்தனை பொருந்தியதே இல்லை.

பிரிவு நீங்கியதால் உயிலை மெய்ப்பிக்கும் பொறுப்பு நீங்கிவிடவில்லை. உடன்பிறந்தோரில் ஒருவர் ஆட்சேபித்தாலும் வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். உயிலில் சான்றொப்பமிட்ட இருவரில் ஒருவரேனும் அங்கே சாட்சியம் அளிக்க வேண்டும். எழுபது வயதுக்காரர் தம் வயதொத்த நண்பர்கள் இருவரையே சாட்சிகளாகக் கொள்வது நம்மவர் வழக்கம். அவர்களும் காலமாகிவிட்டால், கையெழுத்தை அடையாளம் காட்ட வேறு ஆள் தேடி அலைய வேண்டியதுதான்.

உயிலைக் கேரளத்தில் 'ஒஸ்யத்து' என்பார்கள். அதைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. தமிழிலேயே எழுதலாம். பதிவுக்குக் கொண்டுபோனால், பதிவாளருக்குத் தெரியாத, மாவட்டத்தில் பரவலாக வழங்காத மொழிக்கு மட்டுமே மொழிபெயர்ப்புக் கேட்கப் பதிவுச் சட்டம் இடமளிக்கிறது. உரிமையாளர் மறைந்தபின் கிராம அலுவலகத்தில் 'போக்குவரவு', அதாவது நம் பட்டா மாறுதல், செய்து வரிச் சீட்டைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வது அடுத்த படி. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் வீடும், பொள்ளாச்சி, கோவையில் பிள்ளைகளுமாக உள்ள குடும்பங்கள் இதைத் தள்ளிப்போட்டால், அடுத்த தலைமுறையில் வாரிசுகளின் பட்டியலே நீண்டுவிடும்.

உயிலே வேண்டாமென்று, உயிரோடு இருக்கும்போதே தானப் பத்திரம் பதிவு செய்துவிடுவோரும் உண்டு. ஆயுள் உள்ளவரை வீட்டை அனுபவிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு தானம் கொடுத்தாலும் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியது. ஆனால் உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தானத்தை நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. பராமரிக்காத பிள்ளையிடமிருந்து வீட்டை மீட்க, மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு வழிசெய்கிறது. பராமரிப்பு நிபந்தனை பத்திரத்திலேயே வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்ற முழு அமர்வு 2020-இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில், இச்சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. எனினும் அந்த ஒரு வரியைப் பத்திரத்தில் எழுதச் சொல்வதே பெற்றோருக்குப் பாதுகாப்பு. பிள்ளையின் முகத்துக்காக அதை விட்டுவிடுவதுதான் பின்னால் வினையாகிறது.

இவையெல்லாம் பத்திரம் கையில் உள்ளவர்களின் கவலைகள். இதே எல்லையில் தெற்கே, இடுக்கி மாவட்டத் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் தலைமுறைகளாகத் தேயிலை பறிக்கும் தமிழர்களுக்கு உயிலில் எழுதவே வீடு கிடையாது. அவர்கள் குடியிருக்கும் 'லயங்கள்' தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானவை. வேலை உள்ளவரைதான் வீடு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தரும் கடமையை நிர்வாகத்தின் மீது சுமத்தியது. வீட்டின் மீது உரிமை எதையும் தரவில்லை. மூணாறை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டில் 70 உயிர்களைப் பலிகொண்ட நிலச்சரிவில் புதையுண்டவை இத்தகைய லயங்களே. தப்பிப் பிழைத்த 8 குடும்பங்களுக்குப் பின்னர் குற்றியாறு பகுதியில் நிலம் ஒதுக்கி வீடு கட்டித் தரப்பட்டது.

தோட்டங்களுக்கு வெளியே குடியேறி வீடு கட்டியவர்களுக்குத் தடையாக நிற்பது பட்டயம். வன நிலத்தில் 1977 ஜனவரி 1-க்கு முன் குடியேறியவர்களுக்கு நிலத்தை முறைப்படுத்தித் தர, கேரள அரசு 1993-இல் தனி விதிகளை வகுத்தது. பட்டயம் கிடைக்காமலே குடும்பத் தலைவர் மறைந்தால், அவரது உயில் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், அவரிடம் இல்லாத உரிமை பிள்ளைகளுக்கு வந்துவிடாது. பட்டயத்துக்கு அவர்களே மனுச் செய்ய வேண்டும். தந்தையோ பாட்டனோ 1977-க்கு முன்பே அங்கு குடியிருந்ததைக் காட்டும் பழைய குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் போன்ற பதிவுகளை இத்தகைய குடும்பங்கள் உயிலைவிடப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.