தத்துவப் பட்டப்படிப்பு: யாருக்கு, எதற்கு?



பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும், தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மேற்படிப்பைப் பற்றிய ஆலோசனை தொடங்கிவிடுகிறது. பொறியியலோ, மருத்துவமோ, கணக்கியலோ என்று பெற்றோர் எண்ணியிருக்க, “நான் தத்துவத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படிக்கப் போகிறேன்” என்று மகனோ மகளோ சொல்லிவிட்டால், வீட்டில் கவலை குடிகொள்கிறது. “அது துறவிகளுக்கு உரிய கல்வி அல்லவா? அது சோறு போடுமா?” என்று கேட்கின்றனர். இரண்டாவது கேள்வி மிகவும் நியாயமானது. ஆயினும் முதற் கேள்விக்கு விடை கண்ட பின்னரே அதற்கு விடை கூற இயலும்.

தத்துவ ஆனர்ஸ் வகுப்பில் கற்பிக்கப்படுவன பெரும்பாலும் நான்கு பகுதிகளாகும். தருக்கம் ஒன்று, அறநெறி ஆராய்ச்சி மற்றொன்று, இந்தியத் தத்துவமும் மேனாட்டுத் தத்துவமும் ஏனைய இரண்டு. இந்தியத் தத்துவத்தில் வேதாந்தத்தோடு பௌத்தமும் சமணமும் நியாயமும் சாங்கியமும் இடம்பெறுகின்றன. கடவுளையும் மறுமையையும் மறுக்கும் சார்வாகமும் உண்டு. மேனாட்டுப் பகுதியில் பிளேட்டோ, டேக்கார்ட், ஹியூம், கான்ட் முதலியோர் வருவர். ஒருவர்க்கொருவர் உடன்படாத இத்தனை பேரையும் ஒருங்கே வைத்துக் கற்பிக்கும் கல்வி, சமயப் பயிற்சியாக இருத்தல் இயலாது. எதை நம்புவது என்று இவ்வகுப்பு விதிப்பதில்லை. நம்புவதற்குரிய காரணத்தைக் கேட்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டினைக் காண்போம். மலைமேல் புகை எழுகிறது. ‘மலையில் நெருப்பு உண்டு’ என்பது நாம் நிறுவ விரும்பும் கருத்து. ‘புகை இருத்தலால்’ என்பது ஏது. ‘புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு, அடுக்களையிற் போல’ என்பது திட்டாந்தம். ‘இம்மலையிலும் புகை உள்ளது’ என்பது உபநயம். ‘ஆகவே நெருப்பு உண்டு’ என்பது நிகமனம். இதனை அப்படியே திருப்பி, ‘நெருப்பு இருத்தலால் புகை உண்டு’ என்று கூறினால் என்ன? பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஏது பிழைத்துவிடுகிறது. கேட்பதற்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு கூற்றுகளுள் ஒன்று நிற்கவும் மற்றொன்று வீழவும் காண்பதே தருக்கத்தின் முதற் பாடம். நாளிதழ்ச் செய்தியையும் தேர்தல் மேடைப் பேச்சையும் எடைபோடுவதற்கு இப்பயிற்சியே அடிப்படையாகும்.

தமிழர்க்கு இது புதிய கல்வி அன்று. மணிமேகலை என்னும் இளநங்கை வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டறிகிறாள். பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளிடம் அளவை நூலைக் கற்கிறாள். அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பிறர் கொள்கைகளை எடுத்துக் கூறி மறுக்கும் பரபக்கத்தை முன்னே வைத்துத் தம் கொள்கையை விளக்கும் சுபக்கத்தைப் பின்னே வைக்கிறது. எதிர்வாதி தன் கட்சியைத் தானே கூறினால் எங்ஙனம் கூறுவானோ, அங்ஙனம் அதனை எடுத்துரைத்த பின்னரே மறுக்கத் தொடங்குதல் வேண்டும். தத்துவ மாணவன் மூன்றாண்டுகளில் பெறக்கூடிய தலையாய பயன் இதுவே.

இதற்குச் சான்றாக டாக்டர் இராதாகிருஷ்ணனின் மாணவப் பருவத்தைக் கூறலாம். 1888-இல் பிறந்த அவருடைய குடும்பம் வசதியற்றது. பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாடநூல்களைக் கொடுத்தமையால்தான் அப்பாடத்தை அவர் எடுத்தார் என்பர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றபோது, வேதாந்தத்தில் ஒழுக்கத்திற்கு இடமில்லை என்ற குறைகூறலை அவர் கேட்டார். சினந்து ஒதுக்காமல், அதற்கு விடையாகவே தம் எம்.ஏ. ஆய்வுரையை எழுதினார், அது 1908-இல் நூலாக வெளிவந்தது. பின்னர் 1918-இல் மைசூருக்கும், 1921-இல் கல்கத்தாவுக்கும் ஆசிரியராகச் சென்றார். 1962 முதல் 1967 வரை நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கினார்.

எல்லாரும் இராதாகிருஷ்ணன் ஆவதில்லை என்று பெற்றோர் கூறுவது முற்றிலும் சரியே. ஆகவே பிழைப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுவோம். இப்பட்டம் ஒன்றே நேராக ஒரு தொழிலுக்குக் கொண்டு சேர்ப்பது அரிது. இதனை அடுத்து இரண்டாவது படி ஒன்று வேண்டும். மூன்றாண்டுச் சட்டப் படிப்பு அவ்வகையில் ஒன்று. வாதத்தைப் பகுத்து எழுதும் பழக்கம் அங்கே பெரிதும் கைகொடுக்கும். கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் எம்.ஏ. முடித்துத் தேசியத் தகுதித் தேர்வு எழுதலாம். மத்தியக் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப் பாடம். அதற்கு 500 மதிப்பெண்கள் உண்டு. 2013 முதல் அறநெறி பற்றிய 250 மதிப்பெண் தாள் ஒன்றை அனைவரும் எழுத வேண்டியுள்ளது. பத்திரிகைத் துறையும் உண்டு. இவற்றுள் எது தமக்கு உரியது என்பதை இரண்டாம் ஆண்டிலேயே மாணவர் எண்ணத் தொடங்குதல் நலம்.

மன அமைதி வேண்டி இப்பாடத்தை எடுப்போர் ஏமாற்றம் அடையக்கூடும். இது ஐயங்களைத் தீர்ப்பதினும் எழுப்புவதே மிகுதி. ஒரு பக்கத்தை மும்முறை படிக்கும் பொறுமை இல்லாதவர்க்கும் இது சுமையாகும்.

சேர்வதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மைசூர்ப் பேராசிரியர் ஹிரியண்ணா 1932-இல் வெளியிட்ட இந்தியத் தத்துவச் சுருக்க நூலில் ஓர் அதிகாரத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள். படித்து முடித்ததும், தனக்குப் பிடிக்காத கொள்கையை எடுத்து, அக்கொள்கையினரே தலையசைக்கும் வண்ணம் விளக்கச் சொல்லுங்கள். முகமலர்ச்சியோடு அதனைச் செய்யும் பிள்ளை இப்படிப்புக்கு உரிய பிள்ளை. பின்னர் இரண்டாவது படியைப் பற்றி இருவரும் அமர்ந்து பேசலாம். அப்பேச்சில் பெற்றோரும் பிள்ளையின் கட்சியை முதலில் எடுத்துக் கூறிவிட்டுத் தம் கட்சியைக் கூறுதல் முறையாகும்.